முதல் டிகாஷன்

“நான் போடற காபியை என் சம்சாரம் ஏன் குடிக்க மாட்டேங்கறா?”

வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை. கேட்டுவிட்டார்.

டீச்சர் தன் வேலையை நிறுத்தவில்லை. ஒரு கரண்டி காபியைச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பினார். ஏலத்துக்குப் போகிற காபியை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் தொழில். பெயர் பூரணி. ஏற்காட்டு மலையில் காபிச் செடிகளுக்கு நடுவே வீடு. காபி போடக் கற்றுக்கொள்ளப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவதால் எல்லோருக்கும் அவர் காபி டீச்சர்.

வந்தவர் பெயர் தில்லைநாயகம். பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். ஒரு பெண்மணியிடம், அதுவும் தன்னைவிடச் சின்னவரிடம், சந்தேகம் கேட்டு நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

“என்னென்ன செஞ்சு பாத்தீங்க?” என்றார் டீச்சர்.

கேட்டிருக்கக் கூடாது. தில்லைநாயகம் ஆரம்பித்துவிட்டார்.

ஜப்பானிலிருந்து வந்த கிரைண்டர். ஆவி விட்டு அலறுகிற இத்தாலி மெஷின். அன்னத்தின் கழுத்து மாதிரி மூக்கு வளைந்த கெண்டி. பள்ளிக்கூட லேபிலிருந்து தூக்கி வந்தது போன்ற கண்ணாடிக் குடுவை. தண்ணீரின் சூட்டை அளக்க ஒன்று, பொடியை நிறுக்க ஒன்று. நகைக்கடைக்காரன்கூட அவ்வளவு சுத்தமாக நிறுக்க மாட்டான். ஓய்வு பெற்றபின் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். இவர் காபிச் சாமான்களாக வாங்கிக் குவித்தார். அடுப்படியில் அவர் மனைவி செங்கமலத்துக்குக் காய் நறுக்க இடமில்லாமல் போயிற்று.

“எல்லாம் அவளுக்காகத்தான் வாங்கினேன்,” என்றார். அதை அவர் நம்பவும் செய்தார்.

“குடிச்சிட்டு என்ன சொல்றாங்க?”

“ஒரு வாய் குடிப்பா. ‘நல்லாத்தான் இருக்கு, எனக்கு இவ்வளவு கெட்டியா வேண்டாம்’னு வச்சுடுவா. நான் குளிக்கப் போனதும் தானே ஏதோ கலக்கிக் குடிக்கிறா. ஒருநாள் டம்ளரோட அடியைப் பாத்தேன். வெறும் தண்ணி.”

“இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. பழகிடும்.”

“நாள் இல்லைம்மா.”

அதுவரை மேடையில் பேசுவது போல் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் இறங்கியது.

“வெள்ளிக்கிழமை அவளுக்கு வயித்துல ஆபரேஷன். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் காபியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ ஒரு நல்ல காபியை முழுசாக் குடிச்சிடணும். நான் போட்டு அவ குடிக்கணும்.”

அவர் கண் கலங்கியது நிஜம். ஆபரேஷனுக்கு நாள் குறித்த மனைவியை மகளிடம் விட்டுவிட்டு, அவளுக்காகவே காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கும் கோணல் அவருக்கு உறைக்கவில்லை என்பதும் நிஜம்.

“போட்டுக் காட்டுங்க,” என்றார் டீச்சர்.

தில்லைநாயகம் காரிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். கிரைண்டர், கெண்டி, தராசு, கண்ணாடிப் புனல், வடிகட்டும் காகிதம். கொட்டையை நிறுத்தார். அரைத்தார். தண்ணீரின் சூட்டைப் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி பார்த்தார். காகிதத்தில் போட்ட பொடியின்மேல் கெண்டியைச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். பாலம் கட்டியபோதும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்போல. கடைசியில் பால் சேர்த்து, நுரை கட்டி, டீச்சர் முன்னால் வைத்தார்.

டீச்சர் ஒரு வாய் உறிஞ்சினார். துப்பவில்லை. முழுவதையும் குடித்து முடித்தார்.

“குறை சொல்ல ஒண்ணுமே இல்லை.”

தில்லைநாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது. உடனே முகம் சுருங்கியது.

“அப்புறம் ஏன் அவ குடிக்கலை?”

டீச்சர் எழுந்தார். தில்லைநாயகம் ஓரமாகப் போட்டிருந்த காகிதத்தைச் சக்கையோடு எடுத்துப் புனலில் திரும்ப வைத்தார். மேலே வெந்நீர் விட்டார். வண்டல் நிறத்தில் ஏதோ இறங்கியது. பால் விட்டு, சர்க்கரை போட்டு அவரிடம் நீட்டினார்.

“இது உங்களுக்கு.”

“சக்கைம்மா இது.”

“குடிங்க.”

கற்றுக்கொள்ள வந்த இடத்தில் தட்டிப் பேசக் கூடாதென்று குடித்தார். மணமெல்லாம் போய், கசப்பு மட்டும் மிச்சமிருந்தது.

“இது எதுக்கு?”

“நாளைக்கு வாங்க.”

மறுநாள் இன்னும் கவனமாகப் போட்டார். பால் சேர்த்து நிமிர்கிற நேரத்தில், கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் உள்ளே வந்தார்.

“மேடேறி வந்திருக்கார். அவருக்குக் கொடுங்க,” என்றார் டீச்சர்.

கொடுத்தார். வந்தவர் நின்றபடியே குடித்துவிட்டு, “பிரமாதம் மேடம்,” என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். போட்டவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தில்லைநாயகத்துக்கு அது சுருக்கென்றது.

டீச்சர் மறுபடியும் சக்கையில் வெந்நீர் விட்டு, பால் கலந்து, ஓரமாக வைத்தார். தில்லைநாயகம் கையை நீட்டினார்.

“முதல்ல அந்தப் பாத்திரத்தையெல்லாம் கழுவிடுங்களேன். காபி எங்க போயிடப் போகுது?”

கழுவினார். வந்து எடுத்தபோது மேலே ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணலாமா என்று கேட்க வாயெடுத்தார். டீச்சர் அதற்குள் வேறு வேலையில் இருந்தார். அப்படியே குடித்தார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. அன்று இரவுக்குள் அவர் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அன்றைய காபியை டீச்சர் குடித்தார். அடுத்து சக்கையில் இறங்கியதை அவருக்குக் கலக்கும்போது, பக்கத்துத் தோட்டத்து அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதில் பாதி போயிற்று. குறைந்த பாதிக்கு டீச்சர் வெந்நீரை ஊற்றி நிரப்பி, தில்லைநாயகத்திடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை.

“நான் காபி கத்துக்க வந்தேன். அடுத்தவங்க குடிச்ச மிச்சத்துல தண்ணி ஊத்திக் குடிக்க வரலை. மூணு நாளாப் போடறது நான், கழுவறது நான், கடைசியில எனக்கு இதுவா? நான் என்ன இந்த வீட்டு...”

நாக்கு நுனிவரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது.

“இந்த வீட்டு?” என்றார் டீச்சர்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சரே கேட்டார்.

“உங்க வீட்டுல முதல் டிகாஷன் யாருக்கு?”

“அப்பா இருந்தவரைக்கும் அப்பாவுக்கு. அப்புறம் எனக்கு. யாராவது வந்தா அவங்களுக்கு.” அந்தக் கோபத்திலும் குரலில் பெருமை வந்தது. “எங்க வீட்டுக் காபியைப் பத்தி ஊரே பேசும். வந்தவங்களுக்கு ரெண்டாம் டிகாஷன் கொடுத்த வழக்கமே எங்ககிட்ட கிடையாது.”

“ரெண்டாம் டிகாஷனை என்ன பண்ணுவீங்க? கீழ ஊத்திடுவீங்களா?”

“சேச்சே. ஊத்தறதாவது. அதை...”

நிறுத்தினார்.

அதை யார் குடித்தார்கள்?

செங்கமலத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். அப்பாவின் கட்டில் பக்கத்தில் டம்ளரோடு நின்றாள். வாசலில் கொத்தனாருக்கு எட்டி நின்று கொடுத்தாள். அவருடைய ஆபீஸ்காரர்கள் கூட்டமாக வந்தபோது தட்டு நிறைய ஏந்தி வந்தாள். அவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கையை நீட்டும்போதெல்லாம் அந்தக் கையில் சூடாக ஒரு டம்ளர் வந்து உட்கார்ந்தது. முப்பத்தைந்து வருஷம். எல்லாவற்றிலும் அவள் கை நீண்டிருந்தது. ஒன்றிலாவது அந்த டம்ளர் அவள் வாய்க்குப் போயிருக்கிறதா என்று தேடினார்.

“அவ ஒரு டம்ளர் காபியை முழுசாக் குடிச்சு நான் பாத்ததே இல்லைம்மா,” என்றார்.

டீச்சர் கையிலிருந்த டம்ளரை அவர் முன்னால் வைத்தார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“வீட்டுக்குப் போங்க.”

“போய்?”

“நான் காபிக்கு மட்டும்தான் டீச்சர்.”

தில்லைநாயகம் அந்தத் தண்ணீர்க் காபியை எடுத்துக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பெட்டியை மறந்துவிட்டுக் காரைக் கிளப்பினார். டீச்சரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை. செங்கமலத்துக்கு முன்னால் அவர் எழுந்தார்.

பழைய பித்தளை ஃபில்டரைத் தேடினார். இத்தாலி மெஷினுக்குப் பின்னால், சுவரோரமாக இருந்தது. கையில் எடுத்தால் உள்ளே ஈரம். தினமும் புழங்குகிற பாத்திரத்தின் ஈரம். தன் வீட்டு அடுப்படியில் தான் அறியாமல் ஒரு பாத்திரம் இத்தனை நாள் வேலை செய்துகொண்டிருந்ததை நினைத்தபடி அதைக் கழுவினார்.

பொடியை நிறுக்கவில்லை. சூட்டை அளக்கவில்லை. வெந்நீர் விட்டு, மூடி, சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பாலைக் காய்ச்சினார். இறங்கிய டிகாஷனை ஒரு டம்ளரில் ஊற்றிக் கலந்தார். ஃபில்டரில் மறுபடி வெந்நீர் விட்டு, அதில் இறங்கியதை இன்னொரு டம்ளரில் கலந்துகொண்டார்.

செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கூடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை மூலையில் தயாராக இருந்தது. தில்லைநாயகம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். முதல் டம்ளரை அவளுக்கு முன்னால் முக்காலியில் வைத்தார். எதிரில் உட்கார்ந்து, தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தார்.

கூடமெல்லாம் மணத்தது.

செங்கமலம் டம்ளரைப் பார்த்தாள். நிறத்தைப் பார்த்தாலே போதும், எந்த டிகாஷன் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பதற்றம் வந்தது. குடி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு சின்னத் தட்டு எடுத்து வந்து, ஆறிவிடாமல் அந்த டம்ளரை மூடினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தாள்.

“யாருங்க வராங்க?” என்று கேட்டாள்.