பக்கத்துப் பாயில் இருந்தவர்

"எனக்கு வீடு கிடைக்கலைம்மா," என்றார் சபாரத்தினம்.

உமையாள் நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்திருந்தது. எல்லோரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். சபாரத்தினம் மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்ப ஒரு மணி நேரம் பேசினீங்க. இந்த உடம்பே ஒரு வாடகை வீடுதான்னு சொன்னீங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன்."

"ம்."

"நிஜமாவே வாடகை வீடு கிடைக்காம அலையறவன் காதுல அது எப்படி விழும்னு யோசிச்சீங்களா?"

மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடி அறை அது. தகரக் கூரை, பன்னிரண்டு கோரைப்பாய்கள், ஒரு பானைத் தண்ணீர். உமையாளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். கேட்க வந்தவர்களுக்குப் பேசினார். வயதில் மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சபாரத்தினத்துக்கு அறுபத்து மூன்று. தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தார். மனைவி விசாலம் அந்த வீட்டில்தான் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. போன தை மாதம் வீட்டுக்காரரின் மகன்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் அவகாசம் தந்தார்கள். மூன்று மாதமும் அவர் தேடினார். பிறகு திருவல்லிக்கேணியில் தனி ஆட்கள் தங்குகிற ஒரு மேன்ஷனில் ஓர் அறைக்குப் போனார்.

"எத்தனை வீடு பார்த்தீங்க?" என்றார் உமையாள்.

"எண்ணறதை விட்டுட்டேன். நல்ல வீட்டுக்கு என் பென்ஷன் பத்தாது. பத்தற வீட்டுக்குப் போனா, என்னைப் பார்த்ததும் போர்டைத் திருப்பிடறாங்க."

"ஏன்?"

"தனி ஆளு. அதுவும் வயசானவன்."

"என்ன கேக்கறாங்க?"

சபாரத்தினம் பாயின் ஓரத்தைப் பிய்த்தார்.

"ராத்திரில உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு சார் வருவாங்கன்னு கேக்கறாங்க. மரியாதையாத்தான் கேக்கறாங்க. ஒரு வீட்ல தண்ணிகூடக் கொடுத்துட்டுக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"டம்ளரை வெச்சுட்டு வந்துட்டேன்."

பிறகு சபாரத்தினம், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

"உங்க பேரையும் நம்பரையும் கொடுக்கட்டுமாம்மா? கேட்டா, தெரிஞ்சவர்தான்னு சொன்னாப் போதும்."

உமையாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார்."

சபாரத்தினத்துக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"எட்டு வருஷமா வர்றேம்மா."

"தெரியும். எட்டு வருஷமா உங்களுக்குப் பக்கத்துப் பாய்ல ஒருத்தர் உட்கார்றாரே, அவர் பேரென்ன?"

சபாரத்தினம் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் பாய் காலியாகக் கிடந்தது. மெலிந்த ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்தார். தேய்த்த சட்டை. கையில் எப்போதும் ஒரு துணிப்பை. தினம் பார்க்கிற மின்கம்பம் போல அந்த முகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"தெரியாது," என்றார்.

உமையாள் எழுந்து பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சபாரத்தினம் கோபத்தோடு படியிறங்கினார். வீடு கேட்டு வந்தவனிடம் பேரைக் கேட்கிறார்களே என்று தெருமுனை வரை முனகிக்கொண்டே போனார்.

மேன்ஷன் அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். விசாலத்தின் படத்தை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தார். காற்றடித்தால் விழும். எடுத்து மறுபடி வைப்பார்.

புதன்கிழமை மாலை டீக்கடையில் "ஒரு டீ" என்றபோது தொண்டையிலிருந்து சத்தமே எழவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். செவ்வாய்க்கிழமை முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வாடகைக்கு என்று போர்டு தொங்கியது. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இனிமேல் மந்தைவெளிக்குப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் போனார். வேறு எங்கே போவது?

பக்கத்துப் பாய் காலியாக இருந்தது.

கூட்டம் ஆரம்பிக்கிற நேரம். அந்த ஆள் வரவில்லை. சபாரத்தினம் முன்னால் இருந்தவரைத் தட்டினார்.

"சார், இங்க ஒருத்தர் உட்காருவாரே. துணிப்பை வெச்சுக்கிட்டு."

"ஆமா. போன வாரமும் வரலைன்னு நினைக்கறேன்."

"அவர் பேரென்ன?"

"தெரியலையே."

இன்னொருவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மாள், "எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவார். பானைக்குத் தண்ணி பிடிச்சு வைப்பார்," என்றாள். பெயர் அவளுக்கும் தெரியாது.

சபாரத்தினம் எழுந்து நின்றார்.

"அம்மா, அவர் பேரென்ன?"

உமையாள் பேச எடுத்து வைத்திருந்த புத்தகத்தை மூடினார்.

"எனக்கும் தெரியாது," என்றார்.

சபாரத்தினம் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் உங்களைக் கேட்டப்புறம்தான் எனக்கே அது உறைச்சது. என் எதிர்லதான் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமா நான் பேசிக்கிட்டே இருந்திருக்கேன்."

உமையாள் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"வாங்க சார். தேடுவோம்."

கீழே இஸ்திரி வண்டிக்காரருக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

"துணிப்பைப் பெரியவரா? சனிக்கிழமை ஆனா ஒரே ஒரு சட்டையைக் கொண்டாந்து தேய்ச்சுக்குவாரு. இங்கயே நின்னு வாங்கிப்பாரு. ரெண்டு வாரமாக் காணோம்."

"வீடு எங்க?"

"வீடா?" இஸ்திரிக்காரர் உமையாளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்ககிட்டதானேம்மா வருவாரு. உங்களுக்குத் தெரியாதா? பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல போய்ப் பாருங்க."

ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது.

பெரிய கட்டடம் அது. மேலே ரயில் போனது. கீழே தளம் முழுக்கக் காலியாகக் கிடந்தது, தூண்களும் புறாக்களும் தவிர. கடைசித் தூணுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியை விரித்து அவர் படுத்திருந்தார். தலைக்கு அந்தத் துணிப்பை. தேய்த்த சட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பக்கத்தில் இருந்தது.

சபாரத்தினம் குனிந்து நெற்றியில் கை வைத்தார். கொதித்தது.

அந்த ஆள் கண் திறந்தார். உமையாளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா? கூட்டம் முடிஞ்சிடுச்சாம்மா?"

"இல்லை. படுங்க."

"என்ன சொன்னீங்க இன்னைக்கு?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலை," என்றார் உமையாள்.

சபாரத்தினம் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க பேரென்ன?"

அந்த ஆள் கொஞ்சம் தயங்கினார். அவரிடம் யாரும் அதைக் கேட்டு நாளாகியிருக்க வேண்டும்.

"கன்னியப்பன்."

ஆட்டோவில் போகும்போது விட்டு விட்டுச் சொன்னார். ஓர் அடுக்குமாடியில் பதினான்கு வருஷம் வாட்ச்மேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காவலை ஒரு கம்பெனியிடம் விட்டார்கள். வேலை போனது. வேலையோடு அறையும் போனது.

"எங்கயும் சொல்லிக்கலை. அழுக்கா வந்தா உள்ள விடமாட்டீங்களோன்னு சட்டையை மட்டும் தேய்ச்சுக்குவேன்."

உமையாள் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிராமல் கேட்டாள்.

"பேஷண்ட் கூட யாரு?"

"நான்," என்றார் சபாரத்தினம்.

"நீங்க யாரு அவருக்கு?"

சபாரத்தினம் யோசித்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பக்கத்துல உட்கார்றவன்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். எதையோ எழுதிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். சபாரத்தினம் ஐந்து நாளும் அங்கேயே இருந்தார். கஞ்சி வாங்கி வந்தார். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றார். கன்னியப்பன் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் மதியம் தூங்கி எழுந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சபாரத்தினம் அதைக் கவனித்தார். கவனித்ததிலிருந்து அந்த நேரத்தில் வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் கன்னியப்பன் கேட்டார்.

"உங்களைத் தேடமாட்டாங்களா சார், வீட்ல?"

"தேடற மாதிரி யாரும் இல்லை," என்றார் சபாரத்தினம். அதைச் சொல்லும்போது வலிக்கும் என்று நினைத்திருந்தார். வலித்தது. ஆனால் சொல்ல முடிந்தது.

விசாலத்தைப் பற்றி அன்று சாயங்காலம்வரை பேசினார்.

உமையாள் தினமும் காலையில் வந்தார். கட்டில் ஓரத்தில் நிற்பார். எதுவும் உபதேசம் செய்யவில்லை. ஒருநாள் கன்னியப்பனின் துணிகளைத் துவைத்துக் கொண்டுவந்தார்.

ஆறாம் நாள் காலை டாக்டர் வந்து பார்த்தார்.

"சரியாயிடுச்சு. குளிர்ல, தரையில படுக்கவிடாதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மூவரும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்ச்சாரியில் புதிதாக எழும் ஒரு கட்டடத்தின் மேல் தொழிலாளிகள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"எங்க போகணும்?"

"என்னை ஸ்டேஷன் வாசல்ல இறக்கிவிட்டாப் போதும்," என்றார் கன்னியப்பன்.

சபாரத்தினம் அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தார்.

"திருவல்லிக்கேணி போப்பா," என்றார். "நேத்தே மேனேஜர்கிட்டப் போன்ல பேசிட்டேன். இன்னொரு கட்டில் போட்டுக்கலாம்னுட்டார். ஒரு மாசம்தான் விடுவாராம். அதுக்குள்ள நாம வேற பார்க்கணும்."

கன்னியப்பன் மெதுவாக ஏறி உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டார்.

சபாரத்தினம் ஏறப்போனவர் நின்றார். உமையாள் பக்கம் திரும்பினார்.

"ஒண்டி ஆளுக்கே கொடுக்க மாட்டேங்கறாங்க. இப்ப ரெண்டு கிழவன் சேர்ந்து போய் நின்னா யாரும்மா வீடு கொடுப்பாங்க?"

"நாளைக்குத் தேடறதுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

"எட்டு மணிக்கு."

"ஏழரைக்கு நான் மேன்ஷன் வாசல்ல நிக்கறேன்," என்றார் உமையாள்.