நேராக்கிய படம்

ஆறுச்சாமிக்குக் கோணல் என்றாலே ஆகாது. பொள்ளாச்சியில் வெகுகாலம் ஸ்டூடியோ நடத்தியவர். சாய்ந்து நின்ற மாப்பிள்ளைகளையெல்லாம் படத்தில் நிமிர்த்தியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான பூவாத்தா அம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

ஆசிரமத் தோப்பில் ஒரு தென்னையில் குருத்தைக் குடையும் கூன்வண்டு விழுந்திருந்தது. உடனே வெட்டாவிட்டால் தோப்பு முழுக்கப் பரவிவிடும். எந்த மரம் என்று கீழிருந்து தெரியவில்லை. அன்பர் ஒருவர் டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதில் ஒரே ஒரு மரத்தின் கொண்டை மஞ்சளாகத் தெரிந்தது.

படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆறுச்சாமி விடுவாரா? தோப்பை ஒட்டியிருந்த கோயில் சுவர் மட்டமாக வரும்வரை திருப்பினார். மூலைகளில் கறுப்பு விழுந்தது. அதை வெட்டி நீக்கினார். பிரிண்ட் போட்டு, மஞ்சள் கொண்டைமேல் சிவப்புப் புள்ளி வைத்தார். பழைய படத்தை அழித்தும்விட்டார்.

மரமேறி ராக்கியப்பன் அரிவாளோடு வந்தார். பழைய படத்தில் இடது கீழ்மூலையில் தோப்பு வாசல் இருந்தது ஆறுச்சாமிக்கு நினைவிருந்தது. பிரிண்டிலும் அதே மூலையிலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேலே என்று ஸ்கேல் வைத்து அளந்தார். வாசலிலிருந்து அதே கணக்கில் நடந்துபோய் ஒரு மரத்தைக் காட்டினார்.

ராக்கியப்பன் ஏறிப் பார்த்தார். ஓலைக்கு ஓலை மறைத்ததில் பக்கத்து மரங்கள் தெரியவில்லை. ஏறிய மரம் தெரிந்தது.

"குருத்து பச்சப்பசேல்னு இருக்குதுங்க."

சொல்லிவிட்டு நாலு இளநீரை வெட்டிப் போட்டார்.

படத்தைத் திருப்பியதை மறந்துவிட்டோமே என்று ஆறுச்சாமி தலையில் தட்டிக்கொண்டார். மறுபடி வாசலில் நின்று, திருப்பிய அளவுக்குப் படத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து நடந்தார். வேறொரு மரம். அதிலும் இளநீர்தான் விழுந்தது. இன்னும் ஒரு மரம்தான் ஏறுவேன் என்று ராக்கியப்பன் சொல்லிவிட்டார்.

இளநீர் குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் ஆறுச்சாமி எல்லாவற்றையும் சொன்னார்.

"திருப்பும்போது படத்துல எது நகராம இருந்துச்சுங்க?" என்று கேட்டார் அம்மா.

ஆறுச்சாமி படத்தையே பார்த்தார். நட்டநடுவில் கிணறு இருந்தது. மற்றவையெல்லாம் அதைச் சுற்றித்தான் திரும்பியிருந்தன.

கிணற்றடிக்குப் போனார். படத்தைக் கையில் மட்டமாக ஏந்தி, அதிலிருந்த சுவர் நிஜச் சுவரோடு ஒத்துப்போகும்வரை திருப்பினார். கிணற்றிலிருந்து புள்ளி எந்தத் திசையோ அந்தத் திசையில், எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் நடந்து நின்றார்.

ராக்கியப்பன் ஏறினார். குருத்தைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது.

"இதேதானுங்க."

மரம் விழுந்த பிறகும் ஆறுச்சாமி அங்கேயே நின்றார். சந்தோஷம்தான், ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அப்பவும் இதே அளவுதானுங்கம்மா திருப்பினேன். வாசல்ல நின்னப்ப மட்டும் ஏன் வரலை?"

அம்மா சிரித்தார்.

"நீங்க திருப்புனப்ப வாசலும் கூடவே மூலைய விட்டுப் போயிருச்சுங்க. கெணறுதான் போகலை."