பன்னிரண்டு மணங்கு என்றான் சடையன்

முன்னொரு காலத்தில், ஒரு கடற்கரை நாட்டில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கப்பல்களில் சரக்கேற்றுவது அவள் தொழில். அவள் கணவன் சடையன் அரண்மனைச் சமையல்காரன்; சமைப்பதில் பாதியை ருசி பார்த்தே தீர்த்துவிடுவான். ஆனாலும் செங்கமலத்துக்கு அவன்மேல் உயிர்.

தன் தாடியைப் பார்த்துச் சிரித்தான் என்று ஒரு மந்திரவாதி சடையனைக் கல்லாக்கிப் பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டான். பேச வாயையும் கேட்கக் காதையும் மட்டும் விட்டுவைத்தான். இறக்குமுன் கல்லைத் தராசில் நிறுத்து, இத்தனை மணங்கு என்று எடையை அவன் காதில் சொல்லியிருந்தான்.

"பொழுது சாய்வதற்குள் இவன் தலை கிணற்றுக்கு மேலே தெரிந்தால் மந்திரம் உடையும். உன் கை மட்டும்தான் இழுக்க வேண்டும். தவறினால் என்றைக்கும் கல்தான்" என்றான், ஓடிவந்த செங்கமலத்திடம்.

அவள் இறங்கிக் கல்லைக் கட்டினாள். மேலே ஒரு கப்பியை மாட்டி இழுத்தாள். அசையவில்லை. ஒற்றைக் கப்பி திசையைத்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது என்பது அவளுக்கே தெரியும். பதற்றம் யாரை விட்டது?

"எத்தனை மணங்குங்க?"

"பன்னிரண்டு புள்ள."

அவளால் மூன்று மணங்கு இழுக்க முடியும். பாரத்தை நாலு கயிறு தாங்கும்படி மேலே இரண்டு, கீழே இரண்டு கப்பி கோத்து இழுத்தாள். அசையவில்லை.

செங்கமலம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "நெசத்தைச் சொல்லுங்க."

"பதினெட்டு. நெய்ச்சோத்தைக் குறைன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். நீ பயந்துருவேன்னு..."

"உங்களை விட்டுட்டுப் போகத்தான் பயம் எனக்கு."

மேலே மூன்று, கீழே மூன்று கப்பி கோத்தாள். ஆறு கயிற்றுக்குப் பதினெட்டு, ஒன்றுக்கு மூன்று. கப்பிகளின் கனத்துக்கும் உரசலுக்கும் இன்னும் அரை மணங்கு. அதைப் பல்லைக் கடித்துச் சமாளிக்கலாம்.

இழுத்தாள். கல் அசைந்தது.

"ஆறு கயிறு தூக்குகிறது, இது செல்லாது" என்று குதித்தான் மந்திரவாதி.

"தாங்குறதுதான் ஆறு. இழுக்குறது என் கைதான்."

ஆனால் கல் ஒரு முழம் உயர ஆறு முழம் இழுக்க வேண்டுமே! தலை மேலே தெரியக் கல் பத்து முழம் ஏற வேண்டும். வெயில் மஞ்சளானது. இழுத்தாள், இழுத்தாள், உள்ளங்கை கிழியக் கிழிய இழுத்தாள். அறுபதாவது முழத்தில் தலை தெரிந்தது.

கல் உதிர்ந்து சடையன் தாவி ஏறினான். மந்திரமெல்லாம் வற்றிப்போன மந்திரவாதி, வெறும் தாடியோடு நடையைக் கட்டினான். செங்கமலமோ கயிற்றை விடவேயில்லை. "வந்துட்டேன் புள்ள, விடு" என்று சடையன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். கடைசி விரலும் பிரிந்ததும்தான் அவள் அழுதாள்.

அவர்கள் நெடுங்காலம் நலமாக இருந்தார்கள். கதை கேட்ட நாமும் நலமாக இருப்போம்.