கொம்பையா தொப்பியில ஏறின கோழி

உப்பு விளையிற ஊர் ஒண்ணு. அந்த ஊர்ல ஒருத்தர் இருந்தாராம், பேரு கொம்பையா. உப்பளத்துல மூட்டை எடை போடுறதுதான் வேலை. ஆனா ஆளைப் பார்த்தா இப்பத்தான் கப்பல்ல இருந்து இறங்கின தொரை மாதிரி இருப்பாரு. கோட்டு, கோட்டுக்குள்ள கையில்லாத ஒரு குட்டிக் கோட்டு, கழுத்துல டை, தலையில தொப்பி. வெயில் சுள்ளுனு அடிக்கும், வேர்வை சொட்டு சொட்டுனு விழும். ஒண்ணையும் கழட்ட மாட்டாரு.

ம் சொல்லுட்டி.

"ம்."

துறைமுகத்துப் பக்கம் பழைய துணி மூட்டை பிரிக்கிற கடை இருக்குல்ல, அங்க எந்தக் காலத்துத் தொப்பி வந்தாலும் இவருதான் முதல் ஆளா நிப்பாரு. அப்படிச் சேர்த்தது பதினோரு தொப்பி. அதுல ஒண்ணு சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன், உள்ள பட்டுத்துணி. தொட்டா பூனைக்குட்டி மாதிரி மெத்து மெத்துனு இருக்கும். அதுமேல அவருக்கு உசுரு.

அப்போ அவருக்குப் பொண்ணு பார்த்தாங்க. முதல் வீட்டுல "நாடகத்துல நடிக்கிறவரா?"ன்னு கேட்டு வேண்டாம்னுட்டாங்க. ரெண்டாவது வீட்டுல பேண்டு வாத்தியம் வாசிக்க வந்தவர்னு நினைச்சு, "மத்தவங்கல்லாம் எங்க?"ன்னு கேட்டாங்க.

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் ஓடிரும். மூணாவது, பூங்கனி வீடு. பஸ் ஸ்டாண்டுல இவரு தொப்பியைத் தூக்கி வணக்கம் வச்சா ஊரே சிரிக்கும். பூங்கனி மட்டும் சிரிக்காம பதிலுக்குத் தலையாட்டிட்டுப் போவா. அவ தன்னை வேண்டாம்னு சொல்லிரக் கூடாதேன்னு கொம்பையா சாமிகிட்ட வேண்டிக்கிட்டாரு.

"இன்னைக்கு ஒருநாளாவது வேட்டி கட்டிட்டு வாயேன்டா"ன்னாங்க அவங்க அம்மா.

"கல்யாணத்துக்கு அப்புறம் கோட்டு போட்டா, யாருடா இந்த ஆளுன்னு கேப்பாம்மா"ன்னுட்டு, சாம்பல் தொப்பியோடவே போனாரு.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தொப்பியைக் கழட்டணும், அது முறை. கழட்டி மல்லாத்தித்தான் வைக்கணும், குழி மேல பார்க்க. இல்லைன்னா விளிம்பு நெளிஞ்சு போயிரும். அப்படியே பெஞ்சு மேல வச்சாரு. பொண்ணோட மாமா பார்த்தாரு. "ஐயையோ, மல்லாந்து கிடக்கே"ன்னு, டப்! கவுத்திட்டாரு. கொம்பையா ஓடிப்போய், டப்! மல்லாத்தினாரு.

அப்புறம் பொண்ணோட அம்மா வந்தாங்க. டப்! இவரு மறுபடி ஓடினாரு. டப்!

அப்புறம் யாரு கவுத்தினாங்க தெரியுமா? கூட வந்த கொம்பையாவோட அம்மாவே! டப்!

"சம்பளம் எவ்வளவு மாப்ள?"ன்னு மாமா கேட்கறாரு, மறுபடி மல்லாத்தி வச்சுட்டு உட்கார்ந்த இவரு கண்ணு தொப்பி மேல. பூங்கனி காப்பி கொண்டாந்து நீட்டறா, கண்ணு தொப்பி மேல.

பூங்கனிக்கு முகம் சிவந்து போச்சு. "மாமா, இவரு என்னைப் பார்க்க வந்தாரா, தொப்பிக்குக் காவல் இருக்க வந்தாரா? எனக்கு வேண்டாம்"னுட்டு உள்ள திரும்பினா.

"போயிட்டாளா?"

பொறுட்டி, சொல்றேன். அப்போ கொல்லைப்பக்கத்துல இருந்து ஒரு செவலக் கோழி வந்துச்சு. தத்தக்கா புத்தக்கான்னு நடந்து, பெஞ்சு மேல தாவி, தொப்பியை எட்டிப் பார்த்து, உள்ள ஏறி, சொகுசா உட்கார்ந்துக்கிச்சு. க்கொ... க்கொ...

கொம்பையாவுக்கு உசுரே போச்சு. "ச்சூ! ச்சூ!"ன்னாரு. அசையல. மிக்சர் அள்ளிப் போட்டாரு. தின்னுட்டு அங்கனயே இருந்துச்சு. கையை விட்டாரு. ணங்!னு ஒரு கொத்து. "ஆத்தாடி!"

சரின்னு ரெண்டு கையாலயும் தொப்பியைக் கவுக்கப் போனாரு. சத்தம் கேட்டு உள் வாசப்படியில வந்து நின்ன பூங்கனி சொன்னா, "முட்டை போட உட்கார்ந்திருக்கு. வெரட்டினா பாவம், தவிச்சுப் போயிரும். அப்புறம் உங்க இஷ்டம்."

கொம்பையா தொப்பியைப் பார்த்தாரு, கோழியைப் பார்த்தாரு. கையை மெதுவா எடுத்துட்டாரு.

"எவ்வளவு நேரம் ஆகுங்க?"

"அது கோழிக்குத்தான் தெரியும்."

அப்புறம் என்ன பண்றது? தொப்பியைப் பார்க்க மனசு தாங்காம, நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாரு. நேர் எதிர்ல பூங்கனி. ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடிச்சாரு.

"நீங்க போட்டதா?"

"இல்ல, மாமா போட்டது."

"அதான் கசக்குது."

மாமா "க்கும்"னு கனைச்சாரு. பூங்கனி வந்த சிரிப்பை முந்தானையில பொத்திக்கிட்டு வந்து உட்கார்ந்தா. அவ பேசினா, இவரு பேசினாரு, பேச்சு அது பாட்டுக்கு ஓடுச்சு. ஒருதடவை கூட அவரு திரும்பிப் பார்க்கல. அப்போ...

கொக்-கொக்-கொக்-கொக்கேய்!

கோழி குதிச்சு ஓடிருச்சு. பட்டுத்துணி நடுவுல ஒரு முட்டை. முட்டை மட்டுமா, கூட இன்னொண்ணும் போட்டு வச்சிருந்துச்சு.

"ச்சீ!"

எல்லாரும் கொம்பையா முகத்தையே பார்த்தாங்க. அவரு கோட்டுப் பையில மடிப்புக் கலையாம இருந்த வெள்ளைக் கைக்குட்டையை உருவி, முட்டையைத் துடைச்சு, பூங்கனி கையில வச்சாரு. "சூடா இருக்கு, பாத்து"ன்னாரு.

பூங்கனி முட்டையைக் கன்னத்துல வச்சுப் பார்த்துட்டு, "நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் போடும். தொப்பியை எடுத்துட்டுப் போறீங்களா, இங்கயே இருக்கட்டுமா?"ன்னு கேட்டா.

"இருக்கட்டும். நாளைக்கு நானும் வந்துடறேன்"ன்னாரு.

மாமா உடனே எழுந்திருச்சு, "அப்போ தேதி குறிச்சிருவோம்"னுட்டாரு.

அவ்வளவுதான் கதை. செவலக் கோழி கூண்டுல ஒடுங்கிருச்சு, நீயும் போர்வைக்குள்ள ஒடுங்கு... ம் சொல்லுட்டி... ஏட்டி?

சரி, தூங்கு.