ஏரித் தண்ணியைத் திருடினவன்

முன்னொரு காலத்துல ஒரு ராஜா, எந்த நாடுன்னு கேட்டா எனக்கே தெரியாது, தை மாசத்துல ஏரியில படகுல போகணும்னு ஆசைப்பட்டாரு. கொஞ்ச தூரம்கூட போகல, படகு சேத்துல தட்டி நின்னுடுச்சு.

"ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்ததே! தண்ணீரை எவனோ திருடியிருக்கிறான். அவன் கிடைக்கும் வரை மடையைத் திறக்காதே!"ன்னு கத்திட்டாரு.

கரைக்குக் கீழ நெல்லு அப்பத்தான் பால் பிடிக்குது. இன்னும் ரெண்டு தண்ணி பாயலன்னா அத்தனையும் பதரு. சனங்களுக்கு அந்த வருஷச் சாப்பாடே அதுதான்.

சபையில எல்லாரையும் சிரிக்க வைக்கிற குப்பாண்டியைக் கண்டா வரி அதிகாரி பூவராகனுக்கு ஆகாது. "மகாராஜா, குப்பாண்டி மூன்றே நாளில் திருடனைப் பிடிக்கட்டும். இல்லையேல் நாட்டை விட்டே போகட்டும்"னு மாட்டிவிட்டாரு. ராஜாவும் சரின்னுட்டாரு.

பயப்படாதீங்க, நல்லபடியாத்தான் முடியும்.

குப்பாண்டி நேரா ஏரிக்குப் போனான். அங்க காத்தான்னு ஒரு குடியானவன் வாடுற பயிரையே பாத்துட்டு நின்னான்.

"என்ன காத்தா, ஏரி இப்படி மேடாக் கெடக்கு?"

"கோடையில வண்டல் மண்ணை நாங்களே வாரி வயலுக்கு அடிப்போம்ங்க. வயலுக்கு எரு, ஏரிக்கு ஆழம். பூவராகன் ஐயா வண்டிக்கு ஒரு மரக்கால் நெல்லு வரி போட்டாரு. நெல்லைக் குடுத்து மண்ணு எதுக்குன்னு ஏழு வருஷமா ஒருத்தரும் வாரல."

மூணாம் நாள் குப்பாண்டி ஒரு வண்டியைத் துணியால மூடி, கயிறு கட்டி, அரண்மனைக்கு ஓட்டிட்டு வந்தான்.

"திருடன் உள்ளே இருக்கிறான், மகாராஜா. என்ன தண்டனை?"

யாரோ குடியானவனைத்தான் கட்டி வச்சிருக்கான்னு நெனச்சு பூவராகன் முந்திக்கிட்டாரு. "ஏரியை விட்டே துரத்த வேண்டும்! அவனுக்கு இடம் கொடுத்தவனே அவனைத் தலையில் சுமக்க வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்"னாரு ராஜா.

துணியை எடுத்தா கருகருன்னு வண்டல் மண்ணு.

"விளையாடுகிறாயா?"ன்னாரு ராஜா.

குப்பாண்டி ரெண்டு குடத்தை வச்சான். ஒண்ணுல பாதிக்கு மேல மண்ணு. ரெண்டுலயும் தண்ணி ஊத்தினான். மண்ணு இருந்த குடம் சீக்கிரமே வழிஞ்சுடுச்சு.

"தண்ணீரின் இடத்தில் இவன் உட்கார்ந்துகொண்டான், மகாராஜா. பெய்த மழையெல்லாம் வழிந்து கடலுக்குப் போய்விட்டது. வரி போட்டு, இவனை யாரும் தொடாமல் ஏழு வருஷம் காவல் காத்தவர் இதோ நிற்கிறார்."

பூவராகன் மொகத்தைப் பாத்து ராஜாவுக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்ல. அன்னிக்கே மடை திறந்தது, இருந்த தண்ணி பயிருக்குப் பாஞ்சுது. மண்ணு வரி போச்சு. குப்பாண்டிக்கு ஒரு ஜோடி உழவு மாடு கிடைச்சுது.

கோடை வந்ததும் பூவராகன் தலையில முதல் கூடை வண்டலைச் சுமந்துட்டு, மூச்சு வாங்க காத்தான் வயலுக்கு வந்தாரு.

காத்தான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு மரியாதையாக் கை காட்டினான். "அந்த மூலையில கொட்டுங்கய்யா. அங்கதான் சத்து கம்மி."