இறக்கத்தில் ஓட்டும் முறை

மேட்டுப்பாளையத்தில் அமலோற்பவம் என்றொரு பெண் இருந்தார். பழைய கார்களின் கியர்பாக்ஸையும் கிளட்சையும் பார்த்து, இது இன்ன வகை என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். செய்வதை நிறுத்தி எண்பது வருடமான வகைகளும் அவருக்குத் தெரியும். வயது முப்பத்தாறு.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் சென்னியப்பன். வயது அறுபத்தொன்று. பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் குழம்புவார்கள்.

எட்டு மாதத்தில் சென்னியப்பன் பழைய கையேடுகளையும் விலைப்பட்டியல்களையும் மனப்பாடம் செய்திருந்தார். எந்த வருடத்துக் காரில், கேட்டவர்களுக்கு மட்டும் எந்தக் கிளட்சைப் பொருத்திக் கொடுத்தார்கள் என்று பக்க எண்ணோடு சொல்வார். ஆனால் இதுவரை எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து ஏறவில்லை. அமலோற்பவம் விடவில்லை.

அந்தத் தை மாதம் கோத்தகிரியில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. கார்கள் மலையிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் தேவை. அதில் கியர்பாக்ஸ் வகை, கிளட்ச் வகை, கடைசி வரியாக இறக்கத்தில் ஓட்டும் முறை. டிரைவர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்கள்.

தாள் வாங்க ஒரு சாம்பல் நிறக் கார் லாரியில் வந்து இறங்கியது. கூடவே டிரைவர் பெள்ளியும் வந்தார். முதலாளி போன மாதம் வாங்கிய கார். பங்களா வாசலில் நகர்த்திப் பார்த்ததோடு சரி, ரோட்டில் இன்னும் ஓட்டவில்லை என்றார் பெள்ளி.

"இந்த வண்டி உங்களுது சார்" என்றார் அமலோற்பவம். "கையெழுத்தும் நீங்களே போடுங்க."

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

காரில் கம்பெனித் தகடு இல்லை. பொறித்திருந்த எண்ணைத் தேய்த்து அழித்திருந்தார்கள். உடம்பை வைத்து வருடத்தைக் கண்டுபிடித்தார். அந்த வருடம் அதே உடம்போடு மூன்று விதமாகக் கார் விற்றிருந்தது அவருக்கு நினைவிருந்தது. ஒன்று சாதாரண கிளட்ச். இரண்டாவது, எண்ணெய் வழியாக இழுக்கும் கிளட்ச். மூன்றாவது, சாதாரண கிளட்சோடு கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு ப்ரீவீல்; அது இருந்தால் எஞ்சின் சக்கரத்தை ஓட்டும், முன்னால் உருளும் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாது. ப்ரீவீல் உள்ள காரில் டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ப்ரீவீல் பூட்டிக்கொள்ளும். கையேட்டில் படமே உண்டு.

குனிந்து பார்த்தார். மூன்று பெடல்கள். இடது பெடலை மிதித்தால் கியர் சுத்தமாக விழுந்தது. எண்ணெய்க் கிளட்சுக்கான பெரிய உறை கீழே இல்லை. டேஷ்போர்டு தேக்குப் பலகை. அதில் குமிழும் இல்லை.

மேஜைக்கு வந்து எழுதினார். சாதாரண கியர்பாக்ஸ். சாதாரண கிளட்ச். இறக்கத்தில்: இரண்டாவது கியரில் போட்டுவிடவும், எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்.

கையெழுத்துப் போட்டார். பெரிதாகவே போட்டார்.

அமலோற்பவம் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். முத்திரைக் கட்டையை எடுத்து மை தொட்டார்.

"வெச்சிடலாமுங்களா சார்?"

"வைங்க டீச்சர்."

"அப்ப ஊர்வலத்தன்னிக்கு இறங்கறப்ப பெள்ளி பக்கத்துல நீங்க உக்காந்துக்குங்க."

பெள்ளி சிரித்தார். பிரேக் இன்ஸ்பெக்டரே பக்கத்தில் இருந்தால் மலை தானாக வழிவிடும் என்றார்.

கட்டை கையிலேயே இருந்தது. அமலோற்பவம் அவசரப்படவில்லை.

சென்னியப்பன் எழுந்து காருக்குப் போனார். முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அப்பால் பட்டறைச் சுவர்தான் தெரிந்தது. அவர் அதில் கோத்தகிரி இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய இரண்டு கால்களும் தரையை அழுத்தத் தொடங்கின. அந்தப் பக்கம் பெடல் எதுவும் இல்லை.

இறங்கி வந்து, மலை இறக்கத்தில் காரைத் தள்ளுவது எது என்று பெள்ளியிடம் கேட்டார்.

"அதோட கனந்தானுங்க."

"அப்ப நாமளே தள்ளிப் பாப்போம்."

எஞ்சினை அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கைப்பிரேக்கை எடுத்துவிட்டார்கள். பின்னாலிருந்து இருவரும் தள்ளினார்கள். கியரில் நிற்கிற கார் அசையக் கூடாது. இது பூனை மாதிரி முன்னால் நடந்தது.

கியர் விழவில்லை போலிருக்கிறது என்றார் பெள்ளி. சென்னியப்பன் உள்ளே கைவிட்டுப் பார்த்தார். இரண்டாவது கியரில்தான் இருந்தது.

முன்பக்கம் போய்ப் பின்னோக்கித் தள்ளினார்கள். சுவரைத் தள்ளுவது போல நின்றது. எண்ணெய்க் கிளட்சாக இருந்தால் இரண்டு பக்கமும் நகர்ந்திருக்கும்.

"சைக்கிள் மாதிரில்ல இருக்குது" என்றார் பெள்ளி. "மிதிக்காட்டியும் முன்னால ஓடும். பின்னால உருட்டுனா பெடல் வந்து கால்ல இடிக்கும்."

சென்னியப்பன் டார்ச்சை வாங்கிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தார். வெகுநேரம் கழித்து எழுந்தார். சட்டையெல்லாம் தூசி. தேக்குப் பலகை பிற்பாடு போட்டது. அதற்குப் பின்னால், அறுத்துவிட்ட கம்பியின் நுனி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. குமிழைக் கழற்றியவர்கள் ப்ரீவீலைக் கழற்றவில்லை.

பெள்ளியின் முகம் மாறிவிட்டது. இரண்டாவது கியரை நம்பி நான் மலை இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டார்.

"எஞ்சின் சும்மா இருந்திருக்கும். வண்டி மட்டும் போயிருக்கும்" என்றார் சென்னியப்பன்.

அவர் முதல் தாளைக் கிழித்தார். புதிய தாளை நின்றபடியே எழுதினார். சாதாரண கிளட்ச், ப்ரீவீல் உண்டு, பூட்டும் கம்பி அறுந்திருக்கிறது. இறக்கத்தில்: எஞ்சின் பிடிக்காது. புதுக் கம்பி போட்டு, ப்ரீவீலைப் பூட்டி, தள்ளிப் பார்த்த பிறகே மலை இறங்கவும். கையெழுத்து இந்த முறை சின்னதாக இருந்தது.

அமலோற்பவம் ஒரு முறைதான் படித்தார். முத்திரை வைத்தார். பெள்ளி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்பி வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு சென்னியப்பன் கேட்டார்.

"ப்ரீவீல் இருக்கறது உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?"

"தெரியாதுங்க சார். நான் வண்டியத் தொடவே இல்லையே."

"அப்புறம் ஏன் முதல் தாளுக்கு முத்திரை வைக்கல?"

அமலோற்பவம் கையிலிருந்த மையைத் துடைத்தார்.

"அது மேஜையில உக்காந்து எழுதினதுங்க சார். இது இறக்கத்துல உக்காந்து எழுதினது."