அமைச்சர் வீட்டு உமி மூட்டை

ஏரிக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கோயில் என்று செழிப்பாக இருந்த மருதவளம் என்ற நாட்டை, வெகு காலத்துக்கு முன்பு அதிவீர வளவன் என்ற ராஜா ஆண்டு வந்தார். வீரமெல்லாம் பெயரோடு சரி. காலையில் ஒரு கட்டளை போடுவார், மாலையில் அதை மாற்றுவார். அவரைச் சமாளித்து நாட்டை நடத்தியவர் அமைச்சர் சாத்தப்பர். கெட்டிக்காரர்தான். ஆனால் தான் கெட்டிக்காரன் என்பது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைந்து, அறுப்புக்கு நின்ற நெல்லை அடித்துக்கொண்டு போனது. “இனிமே எல்லாருக்கும் பாதிச் சம்பளம்” என்றார் ராஜா. அந்த நாட்டில் சம்பளம் என்றால் நெல். மாதம் ஆறு மூட்டை வாங்கிய சாத்தப்பருக்கு மூன்று மூட்டை ஆனது.

வீட்டுக்குப் போய் மனைவி உமையாளிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “எல்லாருக்கும் குறைச்சுட்டார். உமக்கு மட்டும் குறைக்க மனசு வரலைன்னு ராஜாவே சொன்னார்” என்று அளந்துவிட்டார். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே? மூன்று மூட்டை உமியை வாங்கி, வாயைத் தைத்து, நெல் மூட்டைகளோடு வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்கினார். உமி மூட்டைகளை அடியில் போட்டு அடுக்கினார். அடி மூட்டைக்கு உமையாள் வருவதற்குள் ராஜாவிடம் ஏதாவது பரிசு வாங்கி நெல்லாக்கிவிடலாம் என்று எண்ணம். பரிசு வரவில்லை. நாலு மாதம் இப்படியே ஓடியது.

களஞ்சியத் தலைவர் விடங்கருக்கு அமைச்சர் பதவியின் மேல் நெடுநாளாக ஒரு கண். அவர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

“மகாராஜா, நான் அளந்து கொடுக்கிறது மூணு மூட்டை. அமைச்சர் வீட்டுல இறங்குறது ஆறு மூட்டை. தெருவே பார்த்திருக்கு. மீதி மூணு எங்கேருந்து வருது?”

ராஜாவின் முகம் சிவந்தது. “திருட்டு நெல்லா இருந்தா இன்னைக்கே நாட்டை விட்டுப் போயிடணும், சாத்தப்பரே.”

சாத்தப்பருக்கு வேறு வழியில்லை. சபை நடுவே உண்மையைச் சொன்னார். “அது நெல்லு இல்லை, மகாராஜா. உமி. என் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு செஞ்சேன்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. “வாங்க, போய்ப் பார்ப்போம்” என்று ராஜா கிளம்பிவிட்டார். நாட்டை விட்டுப் போகவேண்டி வருமோ என்ற பயத்தைவிட, உமையாள் முன்னால் அந்த மூட்டையைப் பிரிக்கப்போகிறார்களே என்பதுதான் வழியெல்லாம் சாத்தப்பரை வாட்டியது.

இருட்டான உள்ளறையில் காவலர்கள் ஒரு மூட்டையைக் கத்தியால் கிழித்தார்கள். தானியம் கொட்டியது. அடுத்ததிலும் தானியம். அடி மூட்டை வரை தானியம்தான். உமி ஒரு பிடிகூட இல்லை.

“உமின்னாரே, எங்கே உமி?” என்று விடங்கர் கையைத் தட்டினார்.

உமையாள் முன்னால் வந்தாள். “உமி அடுப்புல எரிஞ்சுபோச்சு, மகாராஜா. கொட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கையில எடுத்துப் பாருங்க.”

ராஜா அள்ளிப் பார்த்தார். ஒரு மூட்டையில்தான் நெல். மற்றதெல்லாம் கேழ்வரகு.

“உங்க களஞ்சியத்துல கேழ்வரகு உண்டா?”

ராஜா திரும்பினார். “உண்டா, விடங்கரே?”

“இல்லை, மகாராஜா” என்றார் விடங்கர், தரையைப் பார்த்தபடி.

“முதல் மாசமே எனக்குத் தெரியும். வண்டிக்காரர் மூணு மூட்டையைத் தலையணை மாதிரி தூக்கிட்டு வந்தார். நெல்லு மூட்டையை அப்படித் தூக்க முடியுமா? சரி, பாதிதான்னு புரிஞ்சுக்கிட்டேன். இவருக்கு ஒரு மூட்டை நெல்லு வெச்சுக்கிட்டு, மத்த ரெண்டையும் கொடுத்துக் கேழ்வரகா மாத்திக்கிட்டேன். உமி இருந்த சாக்குல அதைக் கொட்டித் தைச்சு வெச்சேன்.”

“இந்தக் கேழ்வரகை யார் சாப்பிடறது?”

“நானும் வேலைக்காரங்களும்.”

“அமைச்சருக்குத் தெரியாதா?”

“அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே நான் உட்காருவேன், மகாராஜா. அவருக்கு எப்படித் தெரியும்?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ராஜா உமையாளுக்கு ஐந்நூறு பொன் கொடுத்தார். விடங்கர் ஆறு மாதம் கேழ்வரகுக் கூழ்தான் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு சாத்தப்பர் காதருகே குனிந்து, “கஜானா காலின்னு நானும் ராணிகிட்ட இன்னும் சொல்லலைய்யா” என்று முணுமுணுத்துவிட்டு அவசரமாகப் பல்லக்கில் ஏறினார்.

கூட்டம் கலைந்ததும் சாத்தப்பர் கேட்டார். “தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“இவ்வளவு பாடுபட்டு மறைக்கிற மனுஷன்கிட்ட, எனக்குத் தெரியும்னு எப்படிங்க சொல்றது? உங்க முகம் வாடிப்போயிடுமே.”

“வேற என்னெல்லாம் குறைச்சே?”

“பால், விளக்கெண்ணெய்.” கொஞ்சம் தயங்கினாள். “தை மாசம் தங்கச்சி பொண்ணு கல்யாணம்.”

“தலைவலின்னு படுத்துட்டியே?”

“பெரியம்மா ஒரு பட்டாவது எடுத்துக்கிட்டுப் போக வேண்டாமா? அமைச்சர் பெண்டாட்டி வெறுங்கையோட போனா உங்களைத்தான் பேசுவாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருக்கிறதை வெச்சு ரெண்டு பேருமா போயிருப்போமே.”

“நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேங்க.”

அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மூன்று மூட்டையில் எதற்கு எவ்வளவு என்று பேசி முடிவு செய்தார்கள். அரை நாழிகைதான் ஆனது. இந்த அரை நாழிகைக்காகவா நாலு மாதம் நாடகம் ஆடினோம் என்று சாத்தப்பர் உள்ளுக்குள் நொந்துகொண்டார்.

மறுவாரம், ராஜா கொடுத்த பொன்னில் நல்ல பட்டாக எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பெண் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, மாலை மாற்றும்போது மாப்பிள்ளை கை நடுங்கி மாலையைக் கீழே போட்ட கதையைச் சொன்னாள். வீடே சிரித்தது. தான் பார்க்காத கல்யாணத்துக்கு உமையாளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். சாத்தப்பரால் மட்டும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.